நாலாவது வரி

ஐந்து இருபதுக்குக் கேட்க வேண்டிய பைக் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் மகளை எழுப்புவாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தைந்து. வாசலுக்கு வந்தாள். பைக் உறை போட்டபடி நின்றது. மேஜை மேல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பா இல்லை. ஆள் எப்போதோ போயிருந்தார்.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். தெருவில் எல்லோருக்கும் டிரைவர்தான்; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். அவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்பவள். தைத்து வரும் சட்டையில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. விட்டுப்போன தையல், கோணல் காலர், எண்ணெய்க் கறை, எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். அதனால் கம்பெனியில் அவளுக்குப் பெயர் லென்ஸ்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது டிரைவர் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பைக்குக்கு என்ன?”

“ஒண்ணுமில்லை.”

“அப்புறம் ஏன் எடுக்கலை?”

“நடந்து போனேன்.”

“டிப்போவுக்கா?”

“பின்னே, உங்க கம்பெனிக்கா?”

“நாலு கிலோமீட்டர்ங்க.”

“உக்காந்தே பார்க்கிற வேலை. வயிறு ஸ்டியரிங்ல இடிக்குது. டாக்டர் நடக்கச் சொன்னார்.”

“எந்த டாக்டர்?”

“டிப்போவுக்கு வர்ற டாக்டர்.”

“எப்ப வந்தார்?”

“வந்தப்ப வந்தார்.”

அவள் மேலே கேட்கவில்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கினபோதுகூட இரண்டு மாதம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தே ஓட்டின மனிதர். டாக்டர் சொன்னார் என்று நாலரை மணிக்கு எழுந்து நடக்கிறார். நம்ப வேண்டும் என்றுதான் நினைத்தாள். தையல் விட்டிருப்பதைப் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க அவளுக்குத் தெரியாது.

மறுநாளும் நடந்தார். அதற்கு மறுநாளும். பைக் உறை மேல் வேப்பஞ்சருகு விழுந்து கிடந்தது.

மகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பதினாலு வயது. எட்டு மணிக்கு பேக்கரி ஸ்டாப்பில் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறிப் பள்ளிக்கூடம் போகிறவள்.

“அப்பா, நீங்க மட்டும் நடக்குறீங்க. எங்களை எல்லாம் உக்கார வச்சு ஓட்டுறீங்க. நல்ல நியாயம்.”

“நீயும் நட. யார் வேணாம்னா?”

“எனக்குத்தான் வயிறு இல்லையே.”

டிரைவர் சிரித்தார். சிரிப்பு மகளைப் பார்த்து இல்லை, மகளுக்குப் பக்கத்தில் எங்கேயோ போனது. அதையும் அவள் கவனித்தாள்.

மூன்றாவது வாரம் தூறல் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. பைக் பெட்டியில் மழைக்கோட்டு மடித்தபடி இருந்தது. மனிதர் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவள் பைக்கின் உறையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலது பக்கம் பிரேக் கம்பி நுனியில் வளைந்திருந்தது. கால் வைக்கிற இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. விரலால் தடவினாள். புதுக் கீறல் இல்லை, பழசும் இல்லை.

“பைக் எங்கேயாவது விழுந்துச்சா?”

“நிறுத்தி வச்சப்ப சாஞ்சிருக்கும்.”

“வலது பக்கமாவா? ஸ்டாண்டு இடது பக்கம்ல இருக்கு.”

“உனக்கு வேலை கம்பெனியிலதானே? வீட்டுலயும் செக்கிங்கா?”

முன்பெல்லாம் அவள் வேலை முடிந்து வந்தால் தலைமயிரிலோ சட்டைக் கையிலோ ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்டியிருக்கும். நாள் முழுக்க ஒட்டுகிறவள் மேல் ஒன்றிரண்டு தாமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் டிரைவர்தான் அதைக் கிள்ளி எடுப்பார். “உன்கிட்ட ஒரு குத்தம் இருக்குன்னு ஒட்டி அனுப்பியிருக்காங்க” என்பார். தினம் அதே கேலி. இரண்டு மாதமாக எடுப்பதில்லை. ராத்திரி தலை வாரும்போது அவளே எடுத்துச் சுவரில் ஒட்டுகிறாள். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

பேக்கரிக்காரியின் வாய் சும்மா இருக்குமா. ஒருநாள் ரொட்டி வாங்கப் போனபோது ஆரம்பித்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இளைச்சிட்டாரே, அக்கா. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறாரா?”

“டாக்டர் நடக்கச் சொன்னாராம்.”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே. கல்லாவுல இருந்து கழிவறைக்குப் போகவே ஆட்டோ கேட்கும்.” ரொட்டியைத் தாளில் சுற்றினாள். “ஆனா ஒண்ணு அக்கா. இந்த வயசுல ஒரு ஆம்பளை திடீர்னு வயித்தைக் குறைக்கிறான்னா…”

“குறைக்கிறான்னா?”

“ஒண்ணுமில்லை. உடம்புக்கு நல்லதுன்னு சொல்ல வந்தேன்.”

சொல்ல வந்தது அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பஸ்ஸுக்கு லீவு கிடையாது. நாலு நாற்பதுக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே போகிற துணியோடு படுத்திருந்தவள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

தூறல் விட்டிருந்தது. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டிரைவர் சுவரை ஒட்டியே நடந்தார். நாய் படுத்திருந்த இடத்தில் நாய் எழுந்து ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போனில் பேசுகிறாரோ என்று பார்த்தாள். இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. பாட்டும் இல்லை. ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப, படிக்கிற பிள்ளை மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு போனார்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் நின்றார். அவள் மூடிக் கிடந்த மருந்துக்கடைப் படியில் ஒதுங்கினாள். ரோட்டில் ஈ, காக்காய் இல்லை. மனிதர் கடக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. தூரத்தில் ஒரு லாரி வெளிச்சம் வந்து, கடந்து, போனது. அப்போதும் நின்றார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று அவளுக்கு உறுதியானது.

சிவப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் சந்திலிருந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பை. டிரைவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள். டிரைவர் அவளை ஒட்டி, அரை அடி பின்னால், அதே வேகத்தில் இறங்கினார். அந்தப் பக்கம் போனதும் குடைக்காரி இடது பக்கம் திரும்பினாள். இவர் வலது பக்கம் திரும்பினார். ஒரு பேச்சு இல்லை. ஒரு தலையசைப்பு இல்லை.

பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெரியாதவர்கள் அவ்வளவு ஒட்டி நடக்கமாட்டார்கள். தெரிந்தவர்கள் அவ்வளவு சும்மா பிரியமாட்டார்கள். யாராவது பார்ப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தது தெரிந்தது. ஒன்று அவளுடையது, இன்னொன்று மகளுடையது.

அன்றைக்கே துணி துவைத்தாள். காக்கிச் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. டிரிப் ஷீட்டின் பின்பக்கம். நீல மையில், பெரிய பெரிய எழுத்தில், ஐந்து வரி.

ப
ட ம
ர க ள
ன ய ப ட
வ ம க ர ள

டிரைவரின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது முத்து முத்தாக இருந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மடித்து அவள் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் டிரைவர் காயப்போட்ட சட்டையின் பையைத் துழாவினதைப் பார்த்தாள். துழாவிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் கணக்கில் சேர்ந்தது.

திங்கள்கிழமை செக்கிங் மேஜையில் காகிதத்தை ஊசியிடம் காட்டினாள். ஊசி பக்கத்து மேஜைக்காரி. வாயால் குத்துவதால் வந்த பெயர். காலரைப் புரட்டிக்கொண்டே காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“யாரு எழுதினது?”

“தெரியாது. அவர் பையில இருந்துச்சு.”

“பொம்பளை எழுத்துதான் அக்கா. ஆம்பளை ‘ள’ இப்படி வளைக்கமாட்டான்.”

“என்னன்னு தெரியுதா?”

“பேரோட முதல் எழுத்தா இருக்கும்.” ஊசி ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “முதல் வரியில ஒருத்தி. ரெண்டாவதுல ரெண்டு பேர். மூணாவதுல மூணு. ஆளு ஏறிக்கிட்டே போறாங்களே, அக்கா. அண்ணன் பஸ்ஸா ஓட்டுறார், இல்லை…”

“உன்னைப் போய்க் கேட்டேன் பாரு.”

“கோவிச்சுக்காதீங்க. சரி, சீட்டாட்டம்?”

“தொடமாட்டார்.”

“மந்திரம்?”

அவள் கை நின்றது. உதடு அசைந்தது ஞாபகம் வந்தது. “அதைத்தான் சொல்லிக்கிட்டே நடக்குறார்னு நினைக்கிறேன்.”

“அப்ப மந்திரம்தான். வசியம் வச்சிருக்கா யாரோ. அவரையே சொல்ல வச்சு வசியம் பண்றா. நல்ல கெட்டிக்காரி.”

“சூப்பர்வைசர் வர்றார். சட்டையைப் பாரு.”

சூப்பர்வைசர் வேறு விஷயத்துக்கு வந்திருந்தார். செக்கிங்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கண் டெஸ்ட். மேஜைக்கு ஒருவராக ஆபீஸ் ரூமுக்குப் போக வேண்டும். முதல் மேஜை அவளுடையது.

கண் டெஸ்ட்காரர் வயதானவர். சளி பிடித்திருந்தது. கோடு போட்ட இடத்தில் நாற்காலி போட்டு, எதிர்ச் சுவரில் ஒரு அட்டையை ஆணியில் மாட்டியிருந்தார். கையில் ஒரு கரண்டி மாதிரி தகடு கொடுத்தார்.

“இடது கண்ணை மூடுங்கம்மா. மேலே இருந்து வரிசையாப் படிங்க.”

“ப,” என்றாள். பெரிய ப. “ட, ம.” கொஞ்சம் சின்னது. “ர, க…”

நின்றாள்.

“தெரியலையா?”

“தெரியுது.”

“படிங்க, படிங்க. வெளியில இருபது பேர் இருக்காங்க.”

“ர, க, ள. ன, ய, ட, ப. வ, ம, க, ர, ள.”

“கழுகுக் கண்ணு. மத்த கண்ணு.”

மற்றக் கண்ணாலும் படித்தாள். கண் படித்தது. மனசு வேறு எங்கோ இருந்தது. நாலாவது வரியில் மட்டும் கண் மறுபடி போய் நின்றது. காகிதத்தில் ‘ப ட’ என்று இருந்தது. அட்டையில் ‘ட ப’ என்று இருக்கிறது. எழுதினவர் மாற்றி எழுதியிருக்கிறார்.

“ஐயா, இதே அட்டைதானா எல்லா இடத்துக்கும்?”

“இதேதான். பின்பக்கம் வேற எழுத்து இருக்கு. யாரு கழட்டித் திருப்புறது?”

“பஸ் டிப்போவுக்கும் நீங்கதான் போவீங்களா?”

“நாளை மறுநாள். புதன்கிழமை. ஏன், உங்க ஆளு யாராவது இருக்காங்களா?”

“தெரிஞ்சவங்க இருக்காங்க.” தகட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “டிரைவருக்கு எத்தனை வரி படிக்கணும்?”

“நாலாவது வரிதான் முக்கியம். அதுல ஒரு எழுத்து தப்பினாலும் எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் ஸ்டியரிங் கிடையாது. பின்னே, ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறவன் இல்லையா.” மூக்கைச் சிந்தினார். “அடுத்த ஆளை வரச் சொல்லுங்கம்மா.”

மேஜைக்குத் திரும்பினாள். சட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கை புரட்டியது. ஒவ்வொன்றாக எல்லாம் புரிந்தது. ரோட்டோரம் அவ்வளவு நேரம் நின்றது. குடைக்காரியை ஒட்டிக் கடந்தது. நாய் ஒதுங்கினது. மகளுக்குப் பக்கத்தில் போன சிரிப்பு. எடுக்காத ஸ்டிக்கர். ஒரு பெண்ணுமில்லை, வசியமுமில்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதி ஒரு சட்டை புரட்டுகிற நேரம்கூட நிற்கவில்லை.

பைக் ஓட்டப் பயந்து நடக்கிற மனிதர், டிப்போவுக்குப் போய் பஸ்ஸில் ஏறி உட்காருகிறார்.

“என்ன அக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கண்ணு போச்சுன்னு சொல்லிட்டானா?” என்றாள் ஊசி.

“எனக்கு நல்லா இருக்காம்.”

சாயங்காலம் வரை ஒன்றையே யோசித்தாள். அவளாக யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அவரிடமும் கேட்க வேண்டியதில்லை. புதன்கிழமை மனிதர் நாலாவது வரியில் ‘ப ட’ என்பார். அந்த அட்டையே அவரைப் பிடித்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இரண்டே நாள்.

வேனிலிருந்து இறங்கும்போது ஒரு ஸ்டிக்கரை எடுத்துத் தோளில் ஒட்டிக்கொண்டாள். பூப்போட்ட சட்டை. சந்தேகம் தீர வேண்டும் என்று நினைத்தாளா, தீரக்கூடாது என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

டிரைவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். அவள் டிரைவருக்கு வலது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என் மேல என்னமோ ஒட்டியிருக்கு. எடுங்க.”

கத்தியை வைத்தார். முகத்தைச் சாய்த்து, இடது கண்ணை முன்னால் கொண்டுவந்து, பார்த்தார். கை வந்தது. அவள் தோளில் நகத்தால் கிள்ளினார். வரவில்லை. மறுபடி கிள்ளினார்.

கிள்ளினது துணியில் அச்சடித்த சிவப்புப் பூவை. ஸ்டிக்கர் நாலு விரல் தள்ளி இருந்தது.

“நல்லா ஒட்டிக்கிச்சு,” என்றார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்து வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் காகிதத்தை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வைத்தார். அதுவரை நறுக்கின வெங்காயம் இரண்டு பேர் கண்ணையும் எரித்தது.

“எப்ப இருந்து?”

“வலது கண்ணு நாலு மாசம். நடுவுல சாம்பலை அப்பின மாதிரி இருக்கு. ஓரம் தெரியுது, நடு தெரியலை.”

“இடது?”

“பரவாயில்லை.”

“பரவாயில்லைன்னா?”

“பரவாயில்லைன்னா பரவாயில்லை.”

“பைக்கு?”

“ஒரு அம்மா தள்ளுவண்டி தள்ளிக்கிட்டு வந்துச்சு. இல்லைன்னு நினைச்ச இடத்துல இருந்துச்சு. வண்டிச் சக்கரத்துலதான் பட்டுச்சு. அந்தம்மா திட்டிட்டுப் போயிடுச்சு.”

“பைக்கை அன்னையோட விட்டீங்க. பஸ்ஸை விடலை.”

“பஸ் வேற.”

“எப்படி வேற? சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்.”

டிரைவர் கத்தியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். “பைக்குல போனா நான்தான் எல்லாருக்கும் ஒதுங்கணும். பஸ்ஸுல போனா எல்லாரும் எனக்கு ஒதுங்குவாங்க. பதினேழு வருஷமா அதே ரோடு. எந்த இடத்துல பள்ளம், எந்த இடத்துல கிளை தாழ்ந்திருக்கு, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

“அதைத்தானே செய்யுறீங்க.”

டிரைவர் வெங்காயத் தோலை ஓரமாகத் தள்ளினார்.

“கண்டக்டருக்குத் தெரியுமா?”

“அவன்தான் எழுதிக் கொடுத்தான். அட்டையைப் பார்த்து எழுதிக் கொடுடான்னு கேட்டேன். போன வருஷம் டெஸ்ட் அன்னிக்கு ஒருத்தன் போட்டோ எடுத்து வச்சிருந்தானாம், அதைப் பார்த்து எழுதினான்.”

“எதுக்குன்னு கேட்டானா?”

“கேக்கலை. இப்பல்லாம் முன் படியிலயே நிக்கிறான். ‘அண்ணே, ஆட்டோ… அண்ணே, ஸ்கூல் பசங்க’ன்னு சும்மா பேசிக்கிட்டே வருவான்.”

“அவன் லீவு போட்டா?”

“போடலை இதுவரைக்கும்.”

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள்.

“சொல்லிடுங்க. நீங்களே போய்ச் சொன்னா மரியாதை.”

“சொன்னா என்ன செய்வாங்க தெரியுமா? வாஷிங்ல போடுவாங்க. நேத்து வரைக்கும் ‘ஏண்டா கண்ணாடி துடைக்கலை’ன்னு நான் சத்தம் போட்ட பயலுங்களோட நின்னு, சக்கரம் கழுவணும்.”

“கழுவினா என்ன?”

“உன்னை நாளைக்குச் செக்கிங்ல இருந்து எடுத்துட்டு, துடைப்பத்தைக் கையில கொடுத்தா?”

“வலிக்கும். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் ஒரு கறையைப் பார்க்காம விட்டா சட்டைதாங்க திரும்பி வரும்.”

“இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா? டிப்போவுல கேட்டுப் பாரு. ஒரு கோழியைக்கூட நான் இடிச்சதில்லை.”

“கண்ணு இருந்தப்ப.”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் போய் அணைத்தாள். முதுகுக்குப் பின்னால் டிரைவரின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் செஞ்சா கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்கிறாங்க. பாப்பா பரீட்சை முடியட்டும். ரெண்டு மாசம். அப்புறம் நானே லீவு போட்டுப் படுத்துக்கிறேன். ரெண்டே மாசம்மா. புதன்கிழமை மட்டும் தாண்டிட்டேன்னா போதும்.”

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்ற கேள்வி வாய் வரை வந்தது. நடக்கச் சொன்ன டாக்டர் மாதிரி இவரும் ஒரு டாக்டராக இருக்கலாம். இரண்டு மாதமும் அப்படி ஒரு இரண்டு மாதமாக இருக்கலாம். கேட்கவில்லை.

“மனப்பாடம் ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்டாள். குரலில் கேலி இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். எதிரில் இருந்த சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர் கழற்றின ஆணி மட்டும் இருந்தது.

“ப. ட, ம. ர, க, ள.” மூச்சு வாங்கினார். “ன, ய, ப, ட…”

“ட முதல்ல. அப்புறம் ப.”

சொன்னது யார் என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. நாள் முழுக்க, வருஷம் முழுக்க, தப்பைப் பார்த்த இடத்தில் கை போய் நிற்கும். யோசித்து நிற்பதில்லை. இப்போது கைக்குப் பதில் வாய் போய் நின்றுவிட்டது.

டிரைவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். “என்ன?”

அவள் காகிதத்தை மடித்தாள்.

“ன, ய, ட, ப?” என்றார். “அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னிக்கு எங்களுக்கும் டெஸ்ட்.”

“அந்தச் சளி பிடிச்ச ஆளா?”

“ஆமா.”

“அந்தக் கழுதை மாத்தி எழுதிட்டான் பாரு,” என்று கண்டக்டரைத் திட்டினார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. “ன, ய, ட, ப. ன, ய, ட, ப.” வெங்காயத்தை மறுபடி நறுக்கத் தொடங்கினார். கத்தி விரலுக்கு அவ்வளவு பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் மழை கொட்டியது. டிரைவர் பையைக் கவிழ்த்துக்கொண்டு உதடு அசைய அசையப் போனார். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். கம்பெனியில் ஆபீஸ் ரூம் மேஜையில் கண் டெஸ்ட்காரரின் போன் நம்பர் எழுதின அட்டை கிடந்தது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்த ரூம் வாசல் வரை போனாள். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா?”

“ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு சார்.”

ஒரு கட்டு ஸ்டிக்கர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் மேஜையில் ஏற்கெனவே இரண்டு கட்டு இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் டிரைவர் கேக் வாங்கி வந்திருந்தார். மகளிடம் எதற்கென்று சொல்லவில்லை. அவளிடம் அடுப்படியில் வந்து சொன்னார்.

“அஞ்சு வரியும் சொன்னேன். கழுகுக் கண்ணுன்னு சொன்னார்.”

“எனக்கும் அதைத்தான் சொன்னார்,” என்றாள்.

வியாழக்கிழமை அவள் கம்பெனி வேனில் ஏறவில்லை. மகளோடு பேக்கரி ஸ்டாப்புக்கு வந்தாள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. ரொட்டி வேகிற வாசனை தெரு முழுக்க இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தார்கள். பேக்கரிக்காரி தன் சின்ன மகளின் தலையை வாரிக்கொண்டே வெளியே வந்தாள். ஒன்றாம் வகுப்பு. முதுகைவிடப் பெரிய பை.

“என்ன அக்கா, அதிசயமா இருக்கு. நீங்களும் நடைக்குக் கிளம்பிட்டீங்களா?”

“ஆமா. இன்னிக்கு இவளோட பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்கலாம்னு.”

மகள் திரும்பினாள். “நடக்கவா? எதுக்கு? பஸ் வரும்மா இப்ப.”

“நடந்தா உடம்புக்கு நல்லது.”

“முதல் பீரியட் டெஸ்ட் இருக்கு.”

“பாதி வழி போயிட்டா பாதிதான் மிச்சம். வா.”

“என்னம்மா நீ. அப்பா கேட்டா என்ன நினைப்பார்?”

அதற்குள் பஸ் திரும்பியது. ஸ்டாப்பில் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். பஸ் அளவெடுத்த மாதிரி கோட்டில் வந்து நின்றது. ஒரு விரல் முன்னே இல்லை, பின்னே இல்லை. முன் படியில் கண்டக்டர் நின்றான். வழக்கமாக “அண்ணி, சௌக்கியமா?” என்று கேட்கிறவன் அவளைப் பார்த்தான். அவள் மகளின் பை வாரை முறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். பிறகு டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டான்.

டிரைவர் ஜன்னலில் தெரிந்தார். முகம் நேராக ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். அவர்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

பிள்ளைகள் ஏறினார்கள். கண்டக்டர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினான். பேக்கரிக்காரி சின்னவளைத் தூக்கிப் படியில் விட்டாள். “முன்னாடி டிரைவர் மாமா பக்கத்துலயே உக்காரு,” என்றாள். சின்னவள் உள்ளே ஓடினாள்.

“அம்மா, விடும்மா. எல்லாரும் பார்க்குறாங்க,” என்றாள் மகள்.

அவள் விடவில்லை. ஸ்டாப் காலியாகியிருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது.

பேக்கரிக்காரி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தாள். மகளின் பையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தாள். மறுபடி பஸ்ஸைப் பார்த்தாள்.

“ஏன் அக்கா, உங்க பொண்ணை மட்டும் ஏன் ஏத்தலை?”